புல்வெட்டும் கருவியில் களையெடுக்கும் இணைப்பு: வாங்கும் முன் வயலையும் அளங்கள், குழாயையும் அளங்கள்

சம்பா நடவு முடிந்து 15 நாள் கடந்தால், நாகூர், சிக்கல், கீழ்வேளூர் பக்கத்தில் வயலுக்கு வயல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "களையெடுக்க ஆள் கிடைக்குமா?" ஆள் கிடைக்காதபோது, வரப்புப் புல் வெட்டுவதற்காக வாங்கிக் கொட்டகையில் வைத்திருக்கும் பிரஷ் கட்டர் நினைவுக்கு வருகிறது. அதன் நுனியில் இருக்கும் பிளேடைக் கழற்றிவிட்டு, களையெடுக்கும் இணைப்பை மாட்டினால் நெல் வயலிலும் ஓட்டலாம் என்கிறார்கள் விற்பவர்கள். அது உண்மைதான். ஆனால் எல்லா இணைப்பும் எல்லாக் கருவிக்கும் சேராது. சேர்ந்தாலும் எல்லா வயலிலும் ஓடாது. இந்த இரண்டையும் பார்க்காமல் வாங்கிய இணைப்பு, ஒரு பருவம்கூட உழைக்காமல் மூலையில் துருப்பிடிக்கும்.

முதலில் வயலைப் பாருங்கள்

களையெடுக்கும் இணைப்பு இரண்டு பயிர் வரிசைகளுக்கு நடுவில் ஓடும் கருவி. எனவே வரிசை இல்லாத வயலில் அதற்கு வேலை இல்லை. கடைமடைப் பகுதியில் தண்ணீர் வரும் நாளை நம்ப முடியாமல், சம்பாவை நேரடியாகக் கைவிதைப்பாக விதைப்பவர்கள் பலர். கைவிதைப்பு வயலில் இந்த இணைப்பை இறக்கினால் களையோடு பயிரும் போகும். கையால் இஷ்டத்துக்கு நட்ட வயலிலும் இதே நிலைதான்.

வரிசை இருந்தால் அடுத்த கேள்வி, எவ்வளவு இடைவெளி என்பது. டிரம் சீடர் எனப்படும் உருளை விதைப்பானால் விதைத்தால் வரிசைக்கு வரிசை 20 செ.மீ. இருக்கும். செம்மை நெல் சாகுபடியில் கயிறு பிடித்தோ, மார்க்கர் உருட்டியோ நட்டால் 22.5 அல்லது 25 செ.மீ. நடவு இயந்திரத்தில், உட்கார்ந்து ஓட்டும் 8 வரிசை வகைகளில் பரவலாக உள்ள ஒன்று 23.8 செ.மீ. இடைவெளியில் நடும். பின்னால் நடந்து ஓட்டும் 4 வரிசை வகையில் இடைவெளி 30 செ.மீ.

இணைப்பின் சுழலும் பல் சக்கரமும், அதன் மேல் உள்ள மூடியும் சேர்ந்து எவ்வளவு அகலம் என்று கடையிலேயே டேப் வைத்து அளங்கள். இருபுறமும் 3 முதல் 4 செ.மீ. இடம் விட வேண்டும். அதாவது 22.5 செ.மீ. வரிசைக்கு 15 செ.மீ.க்கு மேல் அகலமுள்ள இணைப்பு ஆகாது. 30 செ.மீ. வரிசைக்கு 22 செ.மீ. வரை ஆகும். 20 செ.மீ. வரிசையில் 12 செ.மீ. அகலத்துக்குள் இருந்தால்தான் தூர்கள் தப்பும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 25 செ.மீ. இடைவெளியில் ஒவ்வொரு வரிசையாக நடந்து களையெடுத்தால், ஒரு ஏக்கருக்குச் சேற்றில் 16 கி.மீ. நடக்க வேண்டும். ஒரு மாவுக்கு 5 கி.மீ.க்கு மேல் வருகிறது. 20 செ.மீ. என்றால் ஏக்கருக்கு 20 கி.மீ.; 30 செ.மீ. என்றால் 13.5 கி.மீ. இது ஒரு தடவைக் களைக்கு மட்டும். தோளில் கருவியின் பாரம், கையில் இணைப்பின் அதிர்வு, காலில் சேறு. இரண்டு மூன்று மா வைத்திருப்பவருக்கு இது தாங்கும். ஒரு வேலி, அரை வேலி என்று சாகுபடி செய்பவர், மிதவையோடு தானே நகரும் இரண்டு வரிசைப் பவர் வீடரை வாடகைக்கு எடுப்பதே உடம்புக்கும் பணத்துக்கும் நல்லது.

பிறகு கருவியை அளங்கள்

களையெடுக்கும் இணைப்பு, பிளேடு இருக்கும் இடத்தில் மட்டும் மாட்டுவது அல்ல. பிரஷ் கட்டரின் நீண்ட குழாயின் நுனியில் ஒரு சிறிய கியர் பெட்டி இருக்கும். அதைப் பிடித்திருக்கும் போல்டுகளைத் தளர்த்தி, பெட்டியை அப்படியே உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இணைப்பின் சொந்தக் கியர் பெட்டியைச் செருக வேண்டும். ஆகவே இரண்டு அளவுகள் பொருந்த வேண்டும்.

ஒன்று, வெளிக்குழாயின் விட்டம். சந்தையில் அதிகம் இருப்பவை 26 மி.மீ., 28 மி.மீ. என இரண்டு அளவுகள். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வெர்னியர் அளவுகோல் இல்லாவிட்டால் ஒரு நூலைக் குழாயில் ஒரு சுற்று சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 82 மி.மீ. வந்தால் குழாய் 26, 88 மி.மீ. வந்தால் 28.

இரண்டு, குழாய்க்குள் சுழலும் தண்டின் நுனியில் உள்ள பற்களின் எண்ணிக்கை. 7 பல், 9 பல் என்று பெரும்பாலும் இரண்டு வகை உண்டு. கியர் பெட்டியைக் கழற்றியதும் தண்டின் நுனியைத் துடைத்து எண்ணிவிடலாம். 9 பல் தண்டில் 7 பல் பெட்டியைத் தட்டி ஏற்றப் பார்க்காதீர்கள். ஏறினாலும் சில மணி நேரத்தில் பற்கள் தேய்ந்து தண்டு வீணாகும். கழற்றிய கியர் பெட்டியைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவது இன்னும் பாதுகாப்பு.

பிளேடு அல்லது நைலான் கயிறு உருளை மட்டும் வாங்குவதாக இருந்தால், நடுத் துளையைப் பாருங்கள். 25.4 மி.மீ., அதாவது ஒரு அங்குலத் துளை பரவலாக உள்ளது. 20 மி.மீ. துளை உள்ளவையும் இருக்கின்றன. பிளேடைப் பிடிக்கும் நட்டு பெரும்பாலும் இடது மரை. கழற்றும்போது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். வழக்கமான திசையில் திருப்பி மரையை அறுத்துவிட்டு மெக்கானிக்கிடம் போகிறவர்கள் நிறைய.

முதுகில் சுமக்கும் வகையில், இன்ஜினுக்கும் குழாய்க்கும் நடுவே வளையும் கேபிள் இருக்கும். அந்த வகை வைத்திருப்பவர்கள், இணைப்பை மாட்டிச் சேற்றில் ஓட்டிக் காட்டச் சொல்லி, கேபிள் சூடேறுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

தனிக் கியர் பெட்டி எதற்கு?

"பிளேடு இடத்திலேயே நாலு இரும்புப் பல்லை வெல்டிங் வைத்து மாட்டினால் ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. பிரஷ் கட்டர் இன்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் ஓடும். நுனியில் உள்ள கியர் பெட்டி அந்த வேகத்தைக் கொஞ்சம்தான் குறைக்கும். புல்லைச் சீவுவதற்கு அந்த வேகம் வேண்டும். சேற்றைக் கிளறுவதற்கு அதில் சிறு பங்கு வேகமும், பல மடங்கு முறுக்கு விசையும் வேண்டும். அதைத் தருவதுதான் இணைப்பில் உள்ள தனிக் கியர் பெட்டி.

வேகத்தைக் குறைக்கிறேன் என்று ஆக்சிலேட்டரைப் பாதியில் பிடித்து ஓட்டுவதும் தவறு. இந்தக் கருவியின் கிளட்ச் வேகம் ஏறினால்தான் முழுதாகப் பிடிக்கும். அரைகுறை வேகத்தில் பாரம் கொடுத்தால் கிளட்ச் வழுக்கிக் கருகும். வேகத்தைக் குறைப்பது கியர் பெட்டியின் வேலை. இன்ஜின் போதிய வேகத்தில் ஓடட்டும்.

வீட்டில் செய்த பற்கள், சங்கிலித் துண்டுகள் ஆகியவற்றை மாட்டவே கூடாது. ஒரு கண்ணி அறுந்தாலும் அது தோட்டாபோலப் பறக்கும். ஒன்றோடொன்று கோத்த உலோகத் துண்டுகளால் ஆன வெட்டும் இணைப்புகளைக் கையில் பிடிக்கும் பிரஷ் கட்டர்களுக்கு விற்பதையே ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் தடை செய்தது.

எப்போது ஓட்டுவது?

களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது ஓட்டினால், அது சேற்றுக்குள் அமுங்கி மட்கி உரமாகும். வளர்ந்த களை பல் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கருவியை நிறுத்திவிடும். நடவு வயலில் முதல் களை 15 நாளில். இரண்டாவது 30 முதல் 35 நாளில். செம்மை நெல் சாகுபடியில் நட்ட 10-வது நாளில் தொடங்கி, 10 நாளுக்கு ஒரு தடவை 40 நாள் வரை ஓட்டலாம். வயலில் இரண்டு விரல் உயரத்துக்கு மெல்லிய தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்த வயலில் பல் இறங்காது. தண்ணீர் அதிகமானால் களை அமுங்காமல் மிதந்து மறுபடி வேர் பிடிக்கும். பயிரின் தூரை ஒட்டி நிற்கும் களையைக் கருவி தொடாது. அதற்கு ஒரு கை ஆள் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வரப்புக்கு இந்த இணைப்பு வேண்டாம். வரப்பைக் கிளறினால் மழையில் கரையும். அருகம்புல்லின் வேர்தான் வரப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. அங்கே நைலான் கயிறு உருளையை மாட்டி, புல் பூக்கும் முன் வெட்டிவிட்டால் விதை வயலுக்குள் விழாது. எலி வளையும் கண்ணுக்குத் தெரியும். அதுபோல், அருகும் கோரையும் மண்டிய மேட்டு நிலத்திலும் தோப்பிலும் சுழலும் பல்லை ஓட்டும் முன் யோசியுங்கள். அருகின் தண்டு துண்டானால் ஒவ்வொரு கணுவும் புதுச் செடியாகும். கோரையின் கிழங்கு நாலா பக்கமும் பரவும். அங்கே அடிக்கடி வெட்டி, மூடாக்குப் போட்டு அடக்குவதே வழி.

புல்தரை வைத்திருப்பவர்களுக்கு

பள்ளி, விடுதி, வீட்டுத் தோட்டங்களில் புல்தரை வளர்ப்பவர்களும் இணைப்பு தேடுகிறார்கள். கொரியன் புல், அருகு வகைப் புல் ஆகியவற்றில் பச்சை இலைக்கும் மண்ணுக்கும் நடுவே, காய்ந்த தண்டும் வேரும் மெத்தைபோலப் படியும். கத்தியால் ஒரு சிறு துண்டு வெட்டி எடுத்துப் பாருங்கள். அந்த மெத்தை ஒரு செ.மீ. வரை இருந்தால் நல்லதே. அதற்கு மேல் தடித்தால் தண்ணீரும் உரமும் மண்ணுக்கு இறங்காது. வேரும் மேலேயே நிற்கும்.

இதைக் கோதி எடுக்க, வளையும் கம்பிப் பற்கள் கொண்ட உருளை இணைப்பு உண்டு. குழாய், தண்டு அளவு விதிகள் இதற்கும் அப்படியே பொருந்தும். சேறு கிளறும் பல்லை இதற்குப் பயன்படுத்தினால் புல் வேரோடு பெயர்ந்துவிடும். மழை பெய்து புல் வேகமாக வளரும் நாட்களில் மட்டும் செய்யுங்கள். கத்திரி வெயிலில் வேண்டாம். நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை, மேலோட்டமாகப் போதும். மெதுவாக வளரும் கொரியன் புல்லில் இன்னும் இலேசாக ஓட்டுங்கள். சிறிய புல்தரைக்கு இணைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை. கம்பிப் பல் வாரியே போதும். வாரிய சருகைத் தென்னைப் பாத்திக்கு மூடாக்காகப் போடலாம்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். வேலை முடிந்ததும் இணைப்பை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, தண்டின் பற்களில் கிரீஸ் தடவி வையுங்கள். கியர் பெட்டிக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்திருந்தால் பழைய கிரீஸை எடுத்துப் புதிதாக நிரப்புங்கள். 2 ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு ஆயில் கலக்கும் அளவு, கருவியின் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி.; 50-க்கு 1 என்றால் 20 மி.லி. 4 ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலைப் பெட்ரோலில் கலக்கக் கூடாது.

கண்ணாடி, முழங்கால் வரை காலுறை அணியாமல் ஓட்டாதீர்கள். பிளேடோ நைலான் கயிறோ சுழலும்போது 15 மீட்டர் சுற்றளவில் வேறு ஆள் நிற்கக் கூடாது. பல்லில் சிக்கிய புல்லை எடுக்கும் முன் இன்ஜினை முழுதாக நிறுத்துங்கள்.

மானியம் உண்டா?

வேளாண்மைப் பொறியியல் துறை மூலம், வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்ச வரம்புக்கு உட்பட்டு மானியம் தரப்படுகிறது. பவர் வீடர், புதர் அகற்றும் கருவி ஆகியவை இதில் வருகின்றன. அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாடலுக்குத்தான் மானியம். எனவே வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காதீர்கள். உழவன் செயலியிலோ, உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலோ முதலில் பதிவு செய்யுங்கள். இணைப்பு கருவியோடு சேர்ந்து வருகிறதா, தனி விலையா என்பதையும் அங்கேயே கேளுங்கள். வரிசை இடைவெளி, களை நிர்வாகம் பற்றிய சந்தேகங்களுக்குச் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

களையெடுக்கும் கருவியை முடிவு செய்யும் நாள் களை முளைக்கும் நாள் அல்ல. நாற்று நடும் நாள். அடுத்த பட்டத்துக்குக் கயிறு பிடிக்கும் முன்பே, எந்தக் கருவியை ஓட்டப் போகிறீர்கள் என்று தீர்மானித்து, அதன் அகலத்துக்கு ஏற்ற இடைவெளியில் நடுங்கள். கடைக்குப் போகும்போது குழாயைச் சுற்றிய நூலும், தண்டின் பல் எண்ணிக்கையும், உங்கள் வயலின் வரிசை இடைவெளியும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் இருக்கட்டும். அவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த இணைப்பு உங்களுக்கு வேண்டாம்.