நாலுகால் உழைப்பாளிகள் (11): தோபா மலையின் மட்டக்குதிரை

சென்ற வாரம் பிரேசர் மலைப் பாதையில் கோவேறு கழுதைகளோடு ஏறினோம். இந்த வாரம் மலையை விட்டு இறங்கி, மலாக்கா நீரிணையைக் கடந்து சுமத்ராவுக்குப் போகவேண்டும். சிலாங்கூரின் காப்பித் தோட்டக் காலத்திலும் ரப்பரின் தொடக்கக் காலத்திலும் துரைமார் வேலைக்காடு சுற்றியது குதிரை மீதுதான். தீபகற்பத்தில் அன்று அதிகம் புழங்கிய மட்டக்குதிரை சுமத்ராவிலிருந்து வந்தது.

டெலித் துறைமுகத்தில் கப்பல் ஏறியதால் வியாபாரிகள் அதை ‘டெலி குதிரை’ என்றார்கள். அதன் பிறப்பிடம் கடற்கரை அல்ல. உள்நாட்டில், தோபா ஏரியைச் சுற்றியுள்ள பாத்தாக் மக்களின் மேட்டுநிலம். ஏரியின் நீர்மட்டமே கடலுக்கு மேல் சுமார் 900 மீட்டர். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய்தான் அந்த ஏரி. அப்போது பறந்த சாம்பல் பேராக்கின் லெங்கோங் மண்ணில் இன்றும் படிந்து கிடக்கிறது.

அந்தக் குளிர்ந்த புல்வெளியில் வளர்ந்த குதிரைக்குத் தோள் உயரம் 120 முதல் 130 சென்டிமீட்டர்தான். குட்டையான கழுத்து, ஒடுங்கிய முதுகு, உயர்ந்து நிற்கும் வால், கல்லில் தேயாத குளம்பு. கொஞ்சத் தீனியில் வயிறு நிறையும், சாதுவாகப் பழகும். மங்கோலியக் குதிரையும் அரபுக் குதிரையும் கலந்த வம்சம் என்பார்கள்.

பாத்தாக் மக்களுக்கு அது வெறும் வாகனமாக இருக்கவில்லை. பத்தாரா குரு, சோரிபாடா, மங்களா பூலான் என்ற மூன்று தெய்வங்களுக்கும் குதிரைகளை நேர்ந்துவிட்டார்கள். நேர்ந்த குதிரை யாருக்கும் சுமை தூக்காமல் திரியும், வயதானதும் பலியாகும். நம் அய்யனார் கோயில் வாசலில் மண்குதிரை நேர்ந்து வைப்பவர்களுக்கு இந்த மனம் புரியாமல் போகாது. தொடர்பும் தூரத்துத் தொடர்பல்ல. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருசில் தமிழ் வணிகர்களின் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைத்தது. காரோ பாத்தாக்குகளின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்ற பிரிவுப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் குதிரைகள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாடகை வண்டி இழுத்தன. அவற்றை ஓட்டியவர்களிலும் தேய்த்துக் குளிப்பாட்டியவர்களிலும் தமிழர்கள் உண்டு, பாவெயான் தீவுக்காரர்களும் உண்டு. 1880இல் ரிக்‌ஷா சிங்கப்பூருக்கு வந்ததும் குதிரை வண்டியின் பிழைப்பு சுருங்கத் தொடங்கியது.

தோட்டத்தில் குதிரையைக் கொன்றது வேறு. மலைக் காற்றுக்குப் பழகிய உடம்பு இங்குள்ள புழுக்கத்திலேயே பாதி வாடும். அதற்கு மேல் சர்ரா நோய். இரத்தத்தில் புகும் நுண்ணுயிர் விட்டுவிட்டுக் காய்ச்சல் தரும். காலும் அடிவயிறும் வீங்கும். தின்னத் தின்ன உடம்பு இளைத்துக் கடைசியில் குதிரை விழும். கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1880இல் பஞ்சாபில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். பரப்புவது இரத்தம் உறிஞ்சும் குதிரை ஈ. இதில் கொடுமை என்னவென்றால், மாடும் எருமையும் இந்தக் கிருமியைப் பெரிய நோய் காட்டாமலே சுமந்து திரியும். தோட்டத்திலோ வண்டி மாடுகள் கட்டிய கொட்டகையும் குதிரை லாயமும் அருகருகே. ஈ ஒரு கொட்டகையிலிருந்து அடுத்ததற்குப் பறந்தால் போதும். மலையிலேயே விட்டிருந்தால் பல ஆண்டு வாழ்ந்திருக்கும் உயிர்களை நாம் சதுப்பு நிலத்துக்கு இறக்கிச் சாகக் கொடுத்தோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறகு மோட்டார் வண்டி வந்தது. லாயங்களில் கார் நின்றது.

இன்று பாத்தாக் நாட்டிலும் அதே கதை. சுமை இழுக்க லாரியும் மோட்டார் சைக்கிளும் இருக்கின்றன. அச்சே மலைகளில் வாழும் அதன் பங்காளி இனமான காயோ குதிரை, தாக்கெங்கோன் நகரின் பந்தயங்களால் பிழைத்திருக்கிறது. ஆனால் வேகத்துக்காக ஆஸ்திரேலியக் குதிரையோடு கலந்து ‘அஸ்தாகா’ என்ற உயரமான கலப்பினத்தையும் அங்கே வளர்க்கிறார்கள். பந்தயம் குதிரையைக் காப்பாற்றும். அந்தச் சின்ன உடம்பையும் கல்லில் தேயாத குளம்பையும் காப்பாற்றுமா என்பது என் கவலை. கலப்பில்லாத பொலிகுதிரைகளை மேட்டுநிலத்திலேயே தனியாக வைத்து வளர்க்கவேண்டும். காலம் கடந்தால் அதற்கும் வழியிருக்காது.

புக்கிட் செந்தோசாவிலும் பெருந்தோங்கிலும் குடியேறிய தோட்டத்துக் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். துரைமாரின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. லாயம் கூட்டிய குதிரைக்காரர்களின் பெயர்கள் இல்லை. உங்கள் பாட்டனோ பூட்டனோ அந்த வேலை பார்த்திருந்தால், எந்தத் தோட்டம், குதிரைக்கு என்ன தீனி வைத்தார், காய்ச்சல் வந்தபோது என்ன மருந்து கொடுத்தார் என்று வீட்டில் சொல்லக் கேட்டதை எழுதி அனுப்புங்கள். பழைய படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

(அடுத்த வாரம்: கட்டை வண்டி மாடுகள்)