சீட்டை இறக்கலாம்... பிரேமை இறக்க முடியுமா? ரோடு பைக் வாங்குவோர் உஷார்!

காலடிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டால் காலடிக்கும் இந்த ஊருக்கும் ஏதோ சம்பந்தம் என்று தோன்றும். கிடையவே கிடையாது! 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற வெள்ளைக்காரர் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் இது. 'காலெட்பேட்டை' என்பது மக்கள் வாயில் புரண்டு புரண்டு காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

ஆனால் இப்போது இந்த ஊர் வாலிபர்கள் நிஜமாகவே காலடியை அளக்க வேண்டிய வேளை வந்திருக்கிறது. காரணம், ரோடு பைக்!

ஊசி போல மெல்லிய டயர், ஆட்டுக்கடா கொம்பு போல வளைந்த ஹேண்டில் பார், ஒரு கையால் தூக்கிவிடலாம் போன்ற எடை. கேரியர் கிடையாது. ஸ்டாண்ட் கிடையாது. விலையோ பல ஆயிரங்கள். சில வண்டிகள் லட்சத்தையும் தாண்டும். சாதாரண சைக்கிளில் ஒரு கோளாறு என்றால் தெருமுனை மெக்கானிக் தட்டிக் கொட்டி சரிசெய்து விடுவார். ரோடு பைக்கில் ஒரே ஒரு கோளாறை மட்டும் எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. அதுதான் பிரேம் அளவு!

"கால் எட்டுதா?" - தப்பான கேள்வி

நம் ஊரில் சைக்கிள் வாங்கப் போனால் முதல் கேள்வி என்ன? "உட்கார்ந்து பாரு தம்பி, கால் தரையில எட்டுதா?" என்பதுதான். எட்டாவிட்டால், "சீட்டை இறக்கிக்கலாம்பா, ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்பார்கள். வண்டி கைமாறிவிடும்.

இங்கேதான் வம்பு ஆரம்பம்!

ரோடு பைக்கில் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தால், சீட் ரொம்ப இறங்கி இருக்கிறது என்று அர்த்தம். மிதிக்கும்போது கால் நன்றாக நீள வேண்டும். மடங்கிய காலோடு பத்து, இருபது கிலோ மீட்டர் மிதித்தால் முழங்கால் சிப்பிக்கு முன்னால் வலி எடுக்கும்.

அப்படியானால் சிக்னலில் எப்படி நிற்பது? சீட்டை விட்டு முன்னால் இறங்கி, நடுத் தண்டுக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்க வேண்டும். நம் ஆட்கள் 'பார்' என்று சொல்வார்களே, அதே தண்டுதான். ஆகவே கால் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் சீட் அல்ல, பார்!

பாரின் மேல் நின்றால் உடம்புக்கும் தண்டுக்கும் நடுவே இரண்டரை செ.மீ. முதல் ஐந்து செ.மீ. வரையாவது இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இல்லாத வண்டியில் அவசரமாக இறங்கினால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. அனுபவித்தவர்கள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்!

கன்டெய்னர் லாரி பக்கத்தில்...

இது வெறும் வலி சமாச்சாரம் மட்டும் அல்ல, உயிர்ச் சமாச்சாரம்.

எண்ணூர் விரைவு சாலையும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் எப்படிப்பட்ட சாலைகள் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், மணல் படிந்த ஓரம், திடீரென்று வரும் பள்ளம். இந்த இடத்தில் சட்டென்று பிரேக் போட்டு ஒரு காலை ஊன்ற வேண்டும். பார் உயரமாக இருந்தால் கால் தரையைத் தேடும். வண்டி ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்?

பிரேம் நீளமாக இருந்தால் இன்னொரு ஆபத்து. கையை எட்டி எட்டிப் பிடித்திருப்பவருக்கு பிரேக் லீவரில் விரல் சரியாகப் படியாது. பின்னால் லாரி வருகிறதா என்று தலையைத் திருப்பினால் ஹேண்டில் பாரும் கூடவே திரும்பும்!

அதற்காக ரொம்பச் சின்ன பிரேம் வாங்குவதும் தப்பு. சின்ன பிரேமில் பெடலும் முன் சக்கரமும் நெருங்கி இருக்கும். மெதுவாகத் திரும்பும்போது செருப்பின் நுனி முன் சக்கரத்தில் உரசும். நெரிசலில் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும்.

குரங்கு பெடல் கதை

அளவு பொருந்தாத சைக்கிள் நமக்குப் புதிது அல்ல. விம்கோ, என்பீல்டு, லேலண்டு என்று ஷிப்டுக்கு ஜனங்கள் சைக்கிளில் போன காலத்தில் தெருவில் ஓடியது எல்லாம் இங்கிலாந்து மாடலில் செய்த கறுப்பு சைக்கிள்தான். பிரேம் அளவு பெரும்பாலும் 22 அங்குலம் அல்லது 24 அங்குலம். அவ்வளவுதான்! குள்ளமானவரும் அதைத்தான் ஓட்டினார், நெட்டையரும் அதைத்தான் ஓட்டினார். சீட்டை அடிவரை இறக்கியும் எட்டாதவர்கள் இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி மிதித்தார்கள்.

வாடகை சைக்கிள் எடுத்த பொடியன்கள் பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு மிதித்தார்கள். அதற்குப் பெயர்தான் குரங்கு பெடல்! 2024-ல் அந்தப் பெயரிலேயே ஒரு தமிழ்ப் படமும் வந்தது.

இத்தனைக்கும் சைக்கிள் பிறந்த காலத்திலேயே கால் அளவு பார்த்துத்தான் வாங்கினார்கள். 1870-களில் இங்கிலாந்தில் ஓடிய பெரிய முன்சக்கர சைக்கிளில் பெடல் முன் சக்கரத்திலேயே இருந்தது. கால் எவ்வளவு நீளமோ அந்த அளவுக்குத்தான் சக்கரம் வாங்க முடியும். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. செயின் வந்துவிட்டதால் சக்கர அளவுக்கும் காலுக்கும் இருந்த கட்டுப்பாடு போனது. அன்று முதல் அளவு பார்க்க வேண்டிய இடம் பிரேம் ஆயிற்று.

நம்ம திருவொற்றியூரில் 1955-ல் புல்லட் செய்ய ஆரம்பித்த என்பீல்டு கம்பெனியின் இங்கிலாந்து மூலமும் முதலில் சைக்கிள் கம்பெனிதான். மோட்டார் சைக்கிள் பிறகு, 1901-ல்தான் வந்தது. சென்னைக்கும் சைக்கிளுக்கும் உறவு பழசு. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் வைத்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைச் செய்து நாடு முழுக்க அனுப்பியது. இவ்வளவு இருந்தும் கால் அளந்து வாங்கும் பழக்கம் மட்டும் நமக்கு வரவில்லை!

வீட்டிலேயே அளக்கலாம்

இதற்கு டாக்டர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு கெட்டி அட்டை நோட்டு, பென்சில், டேப் இருந்தால் போதும்.

செருப்பைக் கழற்றிவிட்டு சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். லுங்கி, பேன்ட் வேண்டாம், டிராயர் போதும். இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி. நோட்டின் முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி தொடை இடுக்கில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே அழுத்துங்கள். நோட்டு சுவரில் தொடும் இடத்தில் இன்னொருவர் கோடு போடட்டும். தரையிலிருந்து கோடு வரை எத்தனை செ.மீ.? அதுதான் உங்கள் கால் அளவு. மூன்று தடவை அளந்து பாருங்கள்.

டெய்லர் எடுத்த பேன்ட் அளவைச் சொல்லி ஏமாறாதீர்கள். அது துணிக்கு எடுத்த அளவு. நிஜக் கால் அளவை விடக் குறைவாக இருக்கும்.

இனி கணக்கு. அமெரிக்காவைச் சேர்ந்த கிரெக் லெமாண்ட், 1986, 1989, 1990 என்று மூன்று முறை பிரான்ஸ் நாட்டு சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்சை வென்றவர். அவர் மூலம் பரவிய கணக்கு இது. கால் அளவை 0.67-ஆல் பெருக்கினால் பிரேம் அளவு. அதே கால் அளவை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை உயரம்.

கால் 74 செ.மீ. என்றால் பிரேம் 50, சீட் உயரம் 65.

கால் 78 என்றால் பிரேம் 52, சீட் 69.

கால் 82 என்றால் பிரேம் 55, சீட் 72.

கால் 86 என்றால் பிரேம் 58, சீட் 76.

எல்லாம் செ.மீ. கணக்கு. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். இது ஆரம்பக் கணக்குதான், முடிந்த முடிவு அல்ல.

வேடிக்கை என்னவென்றால், பழைய 24 அங்குல கறுப்பு சைக்கிளை இந்தக் கணக்கில் போட்டால் பிரேம் 61 செ.மீ. அதற்கு 91 செ.மீ. கால் வேண்டும். ஆறடியைத் தாண்டிய ஆசாமிக்குத்தான் அந்தக் கால் இருக்கும்! கறுப்பு சைக்கிளின் பிரேம் சாய்வு வேறு என்பதால் கணக்கு அப்படியே ஒட்டாது. ஆனாலும் நம்ம தாத்தா ஏன் இடுப்பை ஆட்டி ஆட்டி மிதித்தார் என்று புரிகிறது அல்லவா?

54 என்றால் எல்லாம் 54 அல்ல

இன்னொரு சிக்கல் இருக்கிறது. பழைய பிரேமில் பார் தரைக்குச் சமமாக நேராக இருக்கும். 1990-களின் கடைசியிலிருந்து பின்பக்கம் சரிந்த பார் பிரபலமாகிவிட்டது. சரிந்த பாரில் நிற்பது சுலபம். அதனால் பெரிய அளவு வண்டியில் கூட இடைவெளி கிடைத்துவிடும். "ஆஹா, பொருந்திவிட்டது" என்று நினைத்து வாங்கினால் நீளம் காலை வாரிவிடும்!

ஒரு கம்பெனியின் 54-ம் இன்னொரு கம்பெனியின் 54-ம் ஒன்றாக இருக்காது. சிலர் எண் போடாமல் 'ஸ்மால்', 'மீடியம்', 'லார்ஜ்' என்று சட்டை விற்பது போல விற்கிறார்கள்.

அதனால் கடையில் இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று 'ஸ்டாக்'. பெடல் அச்சிலிருந்து முன்கழுத்தின் உச்சி வரை உள்ள நேர் உயரம். மற்றது 'ரீச்'. அதே அச்சிலிருந்து முன்கழுத்து வரை உள்ள படுக்கை நீளம். ஸ்டாக் கூடினால் நிமிர்ந்து ஓட்டலாம். ரீச் கூடினால் குனிந்து எட்ட வேண்டும். கம்பெனி எதுவானாலும் இந்த இரண்டு எண்ணை வைத்து ஒப்பிட்டுவிடலாம்.

ஒரே உயரத்தில் இரண்டு நண்பர்கள் இருந்தாலும் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடம்பு நீளம். ஒரே பிரேம் இருவருக்கும் பொருந்தாது. "என் மச்சான் அஞ்சரை அடி, அவன் வாங்கியதையே கொடு" என்று கேட்பது அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வது போல!

கடையில் ஆறு சோதனை

ஒன்று: பார் மேல் நின்று இடைவெளி பாருங்கள்.

இரண்டு: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சரி.

மூன்று: பிரேக் லீவரின் ரப்பர் தலையைப் பிடியுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கி இருக்க வேண்டும். கட்டை போல விறைத்தால் வண்டி நீளம்.

நான்கு: ஹேண்டில் பாரைத் திருப்பி, பாதம் முன் சக்கரத்தில் உரசுகிறதா என்று பாருங்கள்.

ஐந்து: தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டி, சட்டென்று நிறுத்தி, முன்னால் இறங்கி நில்லுங்கள்.

ஆறு: ஓட்டிக்கொண்டே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள். வண்டி நேராகப் போக வேண்டும்.

"ஓட்டிப் பார்க்க எல்லாம் விட முடியாது சார்" என்று சொல்லும் கடையா? அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!

உடம்பு சொல்லும் சாட்சி

ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன செய்வது? உடம்பே துப்புக் கொடுக்கும். முழங்காலுக்கு முன்னால் வலி என்றால் சீட் இறக்கமாக இருக்கலாம். பின்னால் வலி, இடுப்பு ஆட்டம் என்றால் உயரமாக இருக்கலாம். கை மரத்துப்போவது, பிடரி வலி என்றால் நீளம் அதிகமாக இருக்கலாம். வலி விடாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

பிரேம் கொஞ்சம் சிறிது என்றால் சீட்டை ஏற்றலாம். சீட் குழாயில் ஒரு எல்லைக்கோடு இருக்கும். அது வெளியே தெரியும்படி ஏற்றவே கூடாது. குழாய் முறிந்தால் அதோகதிதான். ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் 'ஸ்டெம்' துண்டை நீளமாக மாற்றலாம். பிரேம் கொஞ்சம் பெரிது என்றால் ஸ்டெம்மைக் குட்டையாக்கலாம். ஆனால் பாரை எந்தக் கொல்லராலும் கீழே இறக்க முடியாது. அதனால்தான் இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறுகிறவர்கள், ரீச் ஒத்துவந்தால், சிறியதை எடுப்பது புத்திசாலித்தனம்.

"வளர்ற பையன்" வினை

"வளர்ற பையன், பெரிசா வாங்கிட்டா நாலு வருஷம் ஓட்டுவான்" என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பள்ளிச் சட்டை பெரிதாக இருந்தால் மடித்துத் தைக்கலாம். பிரேமை மடித்துத் தைக்க முடியாது! அந்த நாலு வருஷமும் அவன் லாரி ஓடும் சாலையில்தான் ஓட்டப் போகிறான்.

செகண்ட் ஹாண்டில் வாங்குவோரும் உஷார். "பாதி விலை" என்றதும் அளவு மறந்துபோகிறது. அதிலும் பில் இல்லாத வண்டி என்றால் கிட்டவே போகாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் பெடல் அச்சுக்கு அடியில் பிரேம் நம்பர் பொறித்திருப்பார்கள். வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். நம்பரை ராவி இருந்தால் விஷயம் கோளாறு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி குற்றம். மூன்று வருஷம் வரை கம்பி எண்ண நேரிடும்!

பெயின்ட் நிறம் பிடித்திருக்கிறது, தள்ளுபடி இன்றோடு முடிகிறது, நண்பன் வாங்கிவிட்டான் என்பதெல்லாம் வண்டி வாங்கக் காரணம் அல்ல. நோட்டும் டேப்பும் எடுத்து அளக்க ஐந்து நிமிஷம். அதைச் செய்யாமல் வாங்கியவருக்கு, முழங்கால் ஐந்து வருஷம் பாடம் நடத்தும்!