கட்டுப் போட்ட கையும் ஆரி ஊசியும்

கையில் மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கும் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள், ஹார்லிக்ஸோடு ஒரு யோசனையையும் கொண்டுவருவார்கள். "வீட்டுலதானே இருக்கீங்க அக்கா, ஆரி கத்துக்கங்க. பொழுதும் போகும், நாலு காசும் வரும்." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் விரலைக் கொடுத்தவரும், கம்பெனிக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவரும், மொபைலில் வீடியோ பார்த்து ஜரி, சமிக்கி, கட் பீட் வாங்கி ஆரி எம்பிராய்டரி போட உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பொழுது போகிறது என்பதும் நாலு காசு வருகிறது என்பதும் இங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ஆறிவரும் கைக்குப் பயிற்சியாக ஊசி பிடிப்பது ஒன்று, கூலிக்காகப் பிடிப்பது வேறொன்று. உடம்பும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை, சட்டமும் எடுத்துக்கொள்வதில்லை. கலந்துவிட்டால் எலும்பு கூடுவது தள்ளிப்போகும். வரவேண்டிய பணமும் நின்றுபோகும்.

காயம்பட்டவருக்கு ஊசி நூல் கொடுப்பது புதிய வழக்கமல்ல. முதல் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் வீரர்களுக்கு எம்பிராய்டரி கற்றுக்கொடுத்தார்கள். தானும் போரில் காயம்பட்டவரான நடிகர் எர்னஸ்ட் தெசிஜர் அதற்காக முன்நின்றவர்களில் ஒருவர். மீசை வைத்த சிப்பாய்கள் படுக்கையில் சாய்ந்தபடி தைத்த பீட விரிப்பு ஒன்று லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் இருக்கிறது. நம் ஊரில் 1951-இல் வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் தொடங்கிய நவஜீவ நிலையத்தில், அறுவை சிகிச்சையால் விரல்களைத் திரும்பப் பெற்ற தொழுநோயாளிகள் மரப் பொம்மை செய்யப் பழகினார்கள். அவர் மருத்துவ உலகுக்கு அழுத்திச் சொன்ன ஒரு விஷயம் இங்கே நேராகப் பொருந்தும்: உணர்ச்சி போன விரலை நோய் மட்டும் கெடுப்பதில்லை, வலி தெரியாமல் அதை நாம் பயன்படுத்தும் விதமும் கெடுக்கிறது. விபத்தில் நரம்பு அறுந்து தைக்கப்பட்டவர்களும், சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போனவர்களும் ஊசியை எடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆரி ஊசி கொக்கி முனை கொண்டது. குத்தியது தெரியாமலே சீழ் பிடிக்கலாம்.

எந்தக் கைவேலை எந்தக் காயத்துக்கு ஆகும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆரியில் வலது கை மேலே ஊசியை இறக்கும்; இடது கை துணிக்கு அடியில் நூலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் "இடது கைதானே ஒடிஞ்சிருக்கு, வலது கையால போடலாமே" என்ற கணக்கு ஆரியில் எடுபடாது. ஒரே கை இருக்கிறவருக்குச் சாதாரண ஊசித் தையலே நல்லது. ஃப்ரேமை மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் சங்கிலித் தையலும் காம்புத் தையலும் ஒரு கையால் போடலாம்.

மணிக்கட்டு எலும்பு முறிந்தால் கட்டு பெரும்பாலும் 6 வாரத்தை ஒட்டி இருக்கும். பிடிமானம் பழையபடி வர அதன்பிறகும் மாதங்கள் ஆகும். கட்டு இருக்கும்போதே விரல், முழங்கை, தோள் மூன்றையும் அசைக்கச் சொல்வார்கள். அசைக்காமல் விட்டால் விரல் விறைத்துவிடும். மென்மையான துணி வேலை அந்த அளவில் நல்லதுதான். ஆனால் விரலை மடக்கும் தசைநாண் அறுந்து தைக்கப்பட்டிருந்தால் கதை வேறு. முதல் 6 வாரம் இறுக்கிப் பிடிக்கவே கூடாது. ஊசியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கவ்வி இழுப்பது நமக்கு லேசான வேலையாகத் தெரியலாம், தைத்த நாணுக்கு அது லேசல்ல. அறுந்தால் இரண்டாவது ஆபரேஷன். முதலாவதைப்போல அது கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

இடுப்பு, முழங்கால் அறுவை செய்தவர்கள் தரையில் சம்மணம் போட்டு ஆரி ஸ்டாண்ட் முன் உட்காருவதை மறந்துவிட வேண்டும். நாற்காலி உயரத்துக்கு ஸ்டாண்ட் கிடைக்கிறது. காலில் கட்டு என்றால் காலை உயர்த்தி வைத்தபடி மடியில் சின்ன வளைய ஃப்ரேம் போதும். மணிக்கணக்கில் எழாமல் இருந்து கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியா என்று அன்றே பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டவர்களுக்குப் பளபளக்கும் மணியை உற்றுப் பார்ப்பதே தலைவலியைக் கிளப்பும். அவர்கள் சில வாரம் இதைத் தள்ளிவைப்பதே சரி.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். மாவுக்கட்டுக்குள் அரித்தால் ஸ்வெட்டர் ஊசியை உள்ளே விட்டுச் சொறியாதீர்கள். உள்ளே தோல் கிழிந்தால் கட்டைப் பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது. விரல் நீலம் பாய்வது, மரத்துப்போவது, கட்டுக்குள் நாளுக்கு நாள் வலி கூடுவது இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கட்டுப் பிரித்த பிறகும் கை வீங்கி, நிறம் மாறி, தொட்டாலே எரிந்தால் "தைச்ச அலுப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. டாக்டரிடம் காட்டுங்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு.

இனி பணம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர், இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வரும் கம்பெனியில் இருந்தால், வேலையின்போதோ வேலைக்குப் போய்வரும் வழியிலோ ஏற்பட்ட காயத்துக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. காயத்தால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பயனாகக் கிடைக்கும். விபத்து நடந்த நாள் போக 3 நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவே. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. அந்த நிபந்தனை 70 சதவீதம் தரும் நோய்ப் பயனுக்குத்தான். இரண்டையும் குழப்பி, "நீ சேர்ந்து ரெண்டு மாசம்தானே ஆச்சு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலாளி உங்களைப் பதிவே செய்யாமல் விட்டிருந்தாலும் உரிமை போகாது. இஎஸ்ஐ கழகம் பயனைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வழி இருக்கிறது. விபத்து அன்றே விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும், கம்பெனி இஎஸ்ஐக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். "பிரைவேட்ல பார்த்துக்கலாம், செலவு நான் தர்றேன்" என்று மேனேஜர் சொல்வதில் கருணை இருக்கலாம், ரிப்போர்ட்டைத் தவிர்க்கும் எண்ணமும் இருக்கலாம். இரண்டாவதுதான் அதிகம் என்பது என் எண்ணம். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் சிகிச்சை முடியும்வரை போடாதீர்கள்.

ஊசி இங்கேதான் குறுக்கே வருகிறது. வேலை செய்து கூலி வாங்கிய நாளுக்கு இந்தப் பணப்பயன் கிடையாது. சிகிச்சையில் தொடர வேண்டும், குணமாவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது என்பவையும் இஎஸ்ஐயில் நெடுங்காலமாக உள்ள நிபந்தனைகள். வேலை செய்ய முடியவில்லை என்று 90 சதவீதம் வாங்கிக்கொண்டே இரவில் பிளவுஸுக்கு ஆரி போட்டுக் கூலி வாங்கினால், பணம் நிற்பதோடு முடியாது. பொய்த் தகவல் கொடுத்துப் பயன் பெறுவது தண்டனைக்குரிய குற்றம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "ஆர்டர் எடுக்கப்படும்" என்று போட்டுவிட்டு அப்புறம் மறுக்கவும் முடியாது.

அதற்காகத் துணியையே தொடக்கூடாதா? தொடலாம். டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ சொல்லி, "விரல் பயிற்சிக்காக மென்மையான தையல், தினம் இத்தனை நிமிடம்" என்று ஓபி சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தலையணை உறையில் நீங்கள் போடும் பூவுக்கு யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் சீட்டு கையில் இருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் இஎஸ்ஐ சட்டமும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-க்குள் வந்துவிட்டன. பழைய பிரிவு எண்ணைச் சொல்லி யாராவது மடக்கினால் தயங்க வேண்டாம். காயத்துக்கான பயன்கள் தொடர்கின்றன.

இஎஸ்ஐ இல்லாத சின்னப் பட்டறை என்றால் இழப்பீட்டை முதலாளியிடமே கேட்க வேண்டும். தற்காலிக ஊனத்துக்கு மாதக் கூலியில் 25 சதவீதம் அரை மாதத்துக்கு ஒரு முறை. நிரந்தர ஊனத்துக்கு அட்டவணைப்படி கணக்கு. கட்டைவிரல் போனால் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் போனால் 14. தராவிட்டால் 2 ஆண்டுக்குள் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு.

முன்பே வீட்டில் ஆரியோ தையலோ செய்து பிழைத்தவருக்கு அடிபட்டால்? நிஜமாகவே ஆதரவு குறைந்தவர் இவர்தான். பிறருக்காக வீட்டிலிருந்து கூலிக்குச் செய்கிறவரை, துணியும் நூலும் யார் கொடுத்தாலும் சரி, வீடுசார்ந்த தொழிலாளர் என்று 2020 சட்டத் தொகுப்பு வரையறுக்கிறது. பெயர் கிடைத்திருக்கிறது, ஆர்டர் தந்தவரிடம் சம்பளத்தோடு விடுப்புக் கேட்கும் நிலை இன்னும் வரவில்லை. வீடுசார் தொழில் பற்றிய 1996-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) உடன்படிக்கையில் இந்தியா சேரவும் இல்லை. தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவதும், இ-ஷ்ரம் அட்டை எடுப்பதும் காயம் படுமுன் செய்துவைக்க வேண்டியவை. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா காப்பீடு, விபத்தில் ஒரு கை நிரந்தரமாகச் செயலிழந்தால் 1 லட்சமும், இரண்டும் போனால் 2 லட்சமும் தரும். எலும்பு முறிந்து கூடிவிட்டால் ஒன்றும் தராது. அதைச் சொல்லாமல் சேர்த்துவிடுகிறார்கள்.

சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். இங்கே கைவேலை உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பும், பாதகமாகவும் திரும்பும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: டாக்டர் சான்றிதழில் எழுதிய ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அவர் செய்த தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும். விரல் சற்று மடங்காமல் போனது குமாஸ்தாவுக்குச் சின்னக் குறை, ஆரி போடுகிறவருக்கோ வயிற்றுப்பாடு. ஆனால் ஆரிதான் உங்கள் தொழில் என்று நீங்கள் காட்ட வேண்டும். ஆர்டர் நோட்டு, ஜிபே வரவுகள், முடித்த பிளவுஸ்களின் தேதியிட்ட படங்கள் எல்லாம் சாட்சி. வருமானமே இல்லாத இல்லத்தரசிக்கும் அவர் வீட்டு வேலைக்கு மதிப்புப் போட்டு இழப்பீடு தர வேண்டும் என்பதை 2021-இல் கீர்த்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. "ஹவுஸ் வைஃப்தானே" என்று குறைத்துக் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுபக்கம், கட்டுப் பிரித்த மாதமே முழு வீச்சில் ஆர்டர் எடுத்தால் இன்சூரன்ஸ் வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார். செய்ததை மறைக்கவும் வேண்டாம். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை நோட்டில் எழுதுங்கள். முன்பு ஒரு நாளில் முடித்தது இப்போது எத்தனை நாள் ஆகிறது என்பதே நல்ல சாட்சியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் மனுவுக்கு 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. கட்டுப் பிரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எஃப்ஐஆர் நகல், அரசு ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல் இரண்டையும் முதல் வாரத்திலேயே வாங்குங்கள்.

இஎஸ்ஐ பயன் நின்று, டாக்டரும் சரி என்ற பிறகு கூலிக்கு எடுப்பவர்கள் முகூர்த்த ஆர்டரிலிருந்து தள்ளியே தொடங்குங்கள். கல்யாணப் பட்டுப் பிளவுஸ் தேதிக்கு முடியாவிட்டாலோ துணி கெட்டாலோ, காசு வாங்கிச் செய்த சேவையில் குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்கு ஆர்டர் தந்தவர்கள் போகலாம். "கை சரியில்ல, நாள் ஆகும்" என்று வாட்ஸ்அப்பில் முன்கூட்டி எழுதிவிடுங்கள்.

"வீட்டிலிருந்தே மணி கோர்த்துச் சம்பாதிக்கலாம், கிட் அனுப்புகிறோம், டெபாசிட் மட்டும் கட்டுங்கள்" என்று வரும் அழைப்பு வேறு ரகம். வேலை தருகிறவர் உங்களிடம் முதலில் பணம் கேட்டாலே போனை வைத்துவிடலாம். கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

வக்கீலுக்குக் காசில்லை என்று உரிமையை விட வேண்டியதில்லை. நீதிமன்ற வளாகங்களில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்ப்பதில்லை. தொலைபேசி எண் 15100. போகும்போது ஓபி சீட்டு, ஏ.ஆர். நகல், ஆர்டர் நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு அசலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.