கோரை புகுந்த பாத்தி

திண்டுக்கல் வட்டாரத்தில் நமது சரகத்தைச் சேர்ந்த சங்கமொன்றில் தவணை தவறிய கடன்களைச் சரிபார்த்துக் கொண்டிருந்தபோது, அங்கத்தினர் ஒருவரின் பெயருக்கு எதிரே, ‘களையால் மகசூல் இல்லை’ என்று காரியதரிசி குறித்திருக்கக் கண்டோம். மழையின்மை, விலைச்சரிவு, நோய் என்ற காரணங்களை நாம் எத்தனையோ பதிவேடுகளில் கண்டதுண்டு. களையைக் காரணம் காட்டியது சற்றே சாக்குப்போக்காகத் தோன்றவே, தோட்டத்தையே நேரிற் பார்த்துவிடுவோம் என்று புறப்பட்டோம்.

அரை ஏக்கர் சின்ன வெங்காயம். ஆனால் பாத்தியில் வெங்காயத் தாளைத் தேடித்தான் காணவேண்டியிருந்தது. அதற்கு மேலே ஒரு சாண் உயரம் கோரை நின்றது. பிடுங்கிப் பார்த்த வெங்காயம் சுண்டைக்காய் அளவுகூட இல்லை. நான்கு முறை ஆள் வைத்துக் களையெடுத்ததில், விதைக்கும் எருவுக்கும் ஆன செலவையெல்லாம் களைக்கூலி மிஞ்சிவிட்டது. தோட்டக்காரர் அறுபதை எட்டியவர். “புல்லுக்கு மருந்து என்று சொல்லிக் கொடுத்தார்கள் ஐயா. வெங்காயமும் பிழைத்தது, கோரையும் பிழைத்தது. பேசாமல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் மகனோடு போய் இருந்துவிடலாம் என்றிருக்கிறேன்” என்றார்.

பெரியவர் ஏமாந்தது எங்கே என்பதை முதலிற் சொல்லிவிடுவோம். கோரை புல்லன்று. அதன் தண்டை விரலிடையே வைத்து உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். புல்லின் தண்டோ உருண்டையாக உருளும். வெங்காயம் போன்ற பயிர்களின் நடுவே புல்லை மட்டும் கொல்லுமாறு விற்கப்படும் மருந்துகள் புல்லினத்தையே தாக்கும். கோரை வேறு குலமாதலால் அவற்றிற்கு அசைந்து கொடுப்பதில்லை. தண்டை உருட்டிப் பார்க்க ஒரு கணம் போதும். அந்த ஒரு கணத்தைச் செலவிடாமையால் மருந்துக்குக் கொடுத்த பணம் மண்ணோடு போயிற்று.

பாய் நெய்யும் நமது அங்கத்தினர்கள் இதைப் படித்து மனம் நோக வேண்டா. முசிறி, கரூர்ப் பகுதிகளில் பயிராகி, பத்தமடையில் பட்டுப்போன்ற பாயாக மாறும் கோரை இதற்கு உறவுதானேயன்றி இதுவன்று. இது கிழங்குக் கோரை. சித்த வைத்தியர்கள் முத்தக்காசு என்று எடுத்தாளும் மணமுள்ள கிழங்கு இதனடியில்தான் இருக்கிறது. உலகின் மிகக் கொடிய களைகளைப் பற்றி ஹோம் என்பவரும் அவர்தம் தோழர்களும் 1977-ல் வெளியிட்ட நூலில் முதலிடம் பெற்றதும் இதுவே. இரண்டாமிடம் நமது அருகம்புல்லுக்கு. பிள்ளையாருக்குச் சாத்துவதும் மணமக்களை வாழ்த்தும்போது உவமை சொல்வதுமான அந்த அருகு, பாத்தியில் புகுந்துவிட்டால் உவமையின் பொருள் நன்றாகவே விளங்கும்.

இனிக் கோரையின் சூட்சுமத்தைப் பார்ப்போம். மேலே தெரியும் தாள் அதன் சிறு பங்குதான். மண்ணுக்குள் கம்பிபோன்ற வேர்த்தண்டில் கிழங்குகள் மணிமாலைபோல் கோத்து நிற்கின்றன. பெரும்பாலானவை மேல் மண்ணில் அரையடிக்குள்ளேயே கிடப்பவை. சில இன்னும் ஆழத்தில். மாலையின் நுனிக் கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை உறங்குகின்றன. களைக்கொத்தால் மாலையை அறுத்துவிட்டாலோ உறங்கியவை ஒவ்வொன்றும் தனித்தனியே விழித்தெழுகின்றன. “வெட்ட வெட்டப் பெருகுகிறது” என்று பெரியவர் சொன்னது மனச்சோர்வால் சொன்னதன்று, கண்கூடான உண்மை.

ஆனால் அந்த உண்மையின் மறுபக்கத்தில்தான் நமக்கு வழி இருக்கிறது. விழித்த கிழங்கு தன் கையிருப்பைச் செலவிட்டே தாளை விடுகிறது. தாள் வெயிலில் உணவு சமைத்துக் கீழே அனுப்பத் தொடங்கி, சுமார் மூன்று வாரத்தில் புதுக்கிழங்கு வைக்க ஆரம்பிக்கிறது. அதற்குள் தாளைப் போக்கினால் செலவு உண்டு, வரவு இல்லை. மறுபடி முளைக்கும், மறுபடி போக்க வேண்டும். கடன்காரர் கணக்குப் பார்க்கும் நமக்கு இது நன்றாகவே புரிந்தது. பெரியவர் நான்கு முறை களையெடுத்தது குற்றமன்று. கையிற் பணம் கிடைத்தபோது, மாதத்துக்கு ஒருமுறையும் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறையுமாக எடுத்ததே குற்றம். ஒவ்வொரு முறையும் கோரை வரவு வைத்த பிறகுதான் களைக்கொத்து வந்து சேர்ந்தது.

கருப்புப் பாலிதீன் விரிப்பு மற்றக் களைகளை அடக்கும். கோரையின் ஊசிமுனையோ அதைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். கிளைபோசேட் என்னும் மருந்து, தரிசில் தாள் தழைத்து நிற்கையில் தெளித்தால் கிழங்குவரை இறங்கும் என்பது மெய். எனினும் முளைக்காது உறங்கும் கிழங்கை அஃது ஒன்றும் செய்யாது. நிற்கும் வெங்காயத்தைக் கொன்றுவிடும். மத்திய அரசாங்கம் 2022-ல் அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தி ஆணையும் பிறப்பித்தது. வேளாண்மை அலுவலரைக் கலக்காமல் யாரும் அதைக் கையிலெடுப்பதற்கில்லை.

பெரியவரிடம் நாம் கேட்டுக்கொண்டது ஒன்றே: ஒரு வருஷம் குத்தகைப் பேச்சை ஒத்திவைக்க வேண்டும். கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் நமக்கில்லை என்பதையும் மறைக்கவில்லை. பங்குனியில் தண்ணீரை அடியோடு நிறுத்தி, கட்டி பெயருமாறு ஐந்து கொத்துக் கலப்பையால் உழுதார். மேலே வந்த கிழங்கு சித்திரை வெயிலில் இரண்டு வாரம் காய்ந்தால் சாகும். ஈர மண்ணுக்குள் கிடப்பது சாகாது. ஆகவே மறுபடி புரட்ட வேண்டும். இரண்டாம் உழவு முடிந்த நான்காம் நாள் கோடைமழை பெய்து, காய்ந்தது பாதி, பிழைத்தது பாதி என்றாயிற்று. பெரியவர் அன்று நம்மோடு அதிகம் பேசவில்லை.

ஆனியில் தாமே தண்ணீர் பாய்ச்சி, உறங்கிய கிழங்கையெல்லாம் முளைக்கவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக மும்முறை போக்கினார். நாள் தவறாதிருக்க, மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரிக்கோடு இட்டு வைத்திருந்தார். நமது சங்கப் பதிவேடுகள் சிலவற்றைவிட அஃது ஒழுங்காக இருந்தது. பிறகு ஆடிப் பிற்பகுதியில் சணப்பை நெருக்கி விதைத்தார். கோரைக்கு நிழல் ஆகாது. தலைக்குமேல் பயிர் மூடிக்கொண்டால் அது மெலிந்து போகும். நாற்பத்தைந்து நாளில் சணப்பை மடக்கி உழுததில் நிலத்துக்கு உரமும் ஆயிற்று.

அருகுக்கு முறை வேறு. அதன் கணு ஒவ்வொன்றும் வேர்விடுமாதலால், ரோட்டவேட்டர் என்னும் சுழற்கலப்பை அதைத் துண்டாக்கித் தோட்டமெங்கும் நட்டுக் கொடுத்துவிடும். கோடையில் மண்வெட்டியால் பெயர்த்து, கொடியை நீளமாக உருவியெடுத்து, பாறைமேலோ களத்திலோ உலர்த்துவதே நன்று. குப்பைக்குழியில் எறிந்தால் எருவோடு திரும்பி வரும். கோரைக்கிழங்கும் அப்படியே.

இத்துடன் நிறுத்தலாமெனினும் ஒன்றைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. இத்தோட்டத்தில் மூன்று வருஷத்துக்கு முன் கோரையே கிடையாது. முதலில் தலைகாட்டியது எங்கே என்று விசாரித்தோம். டிராக்டர் இறங்கும் வடகிழக்கு மூலையில் என்றார். அதே பருவத்தில் அதே டிராக்டர், கோரை மண்டிய வேறொரு தோட்டத்தை உழுத கையோடு, கொழுவில் அப்பிய மண்ணுடன் இங்கே இறங்கியிருக்கிறது. அது சங்கத்தின் வாடகை டிராக்டர். ஒரு மணியும் வீணாகாமல் அது ஓடியதைப் பாராட்டித் தணிக்கைக் குறிப்பு எழுதியவர் நாமே.

இப்போது அந்தச் சங்கத்தில், தோட்டத்துக்குத் தோட்டம் மாறுமுன் கலப்பையைக் கழுவ அரைமணி ஒதுக்கியிருக்கிறார்கள்; அதற்கு வாடகை இல்லை. கோரையுள்ள தோட்டங்கள் அன்றைய வரிசையில் கடைசி. தோட்டத்தில் கோரை உண்டென்று ஒப்புக்கொள்ள முதலில் சிலர் கூசினார்கள். வாய்க்கால் கரையை அங்கத்தினர்கள் ஆளுக்கொரு நீளமாகப் பிரித்துக்கொண்டு செதுக்குகிறார்கள்.

புரட்டாசியில் மறுபடி சென்றோம். முக்கால் பங்கு நிலத்தில் வெங்காயம் ஊன்றியிருந்தது. பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கோரை. வாய்க்காலோரத்துக் கால் பங்கை இன்னொரு சணப்புக்கென்று விட்டுவைத்திருந்தார். அதற்கப்பால் அடுத்த தோட்டத்து வரப்பு பச்சைப்பசேலென்று நின்றது. அந்தத் தோட்டக்காரர் சங்கத்தில் சேராதவர். அவரிடம் கையெழுத்து வாங்குவதற்கான அங்கத்தினர் விண்ணப்பத்தைக் காரியதரிசி சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார்.