இழுவைச் சக்தி மட்டும் போதாது!

ஆஸ்திரேலியாவில் ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர், வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி அடங்கிய இந்தக் 'கேரவன்' 3,000 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. நான்கு சக்கரமும் உந்தும் ஜீப் வகை வண்டிகள் இதை இழுக்கின்றன.

இவற்றில் பல, 3,500 கிலோ வரை இழுக்கக்கூடியவை. ஆனால் வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனி உச்சவரம்பு உண்டு. கணக்குப் பாருங்கள்: வரம்பு 6,000 கிலோ என்றால், கேரவன் 3,500, வெறும் வண்டி 2,200 போக, மீதி 300 கிலோதான். ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் அதற்குள் அடங்க வேண்டும்!

சுமை அடுக்குவதிலும் சூட்சுமம் இருக்கிறது. கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, இணைப்பின் மேல் அழுந்த வேண்டும். பின்புறம் பாரம் கூடினால், வேகத்தில் கேரவன் பாம்பாக நெளிந்து, முன்வண்டியையும் புரட்டிவிடும். அப்போது பதறிப்போய் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும்.

2,000 கிலோவுக்கு மேற்பட்ட கேரவனுக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். இணைப்பு அறுந்தால் அது தானாகவே பிடிக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

சாமான்களை ஏற்றியபின், எடைமேடையில் நிறுத்துப் பார்த்துக் கிளம்புவதே புத்திசாலித்தனம்.