பெரட்டுக்களம் முதல் கடைசி வரிசை வரை

பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது சுங்கை சிப்புட். 1948 ஜூன் மாதம் அவ்வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. வரலாற்று நூல்களில் ஊரின் பெயர் நுழைந்தது அப்படி. மலேசியத் தமிழர்களின் நினைவில் அது நிற்பதற்குக் காரணம் வேறு. 1959 முதல் 2008 வரை, 49 ஆண்டுகள், அத்தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்கள் இரண்டே பேர். முதலில் வீ. தி. சம்பந்தன், 1974 முதல் ச. சாமிவேலு. இருவருமே மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா.வின் தேசியத் தலைவர் பொறுப்பை வகித்தவர்கள். நாட்டின் தமிழர் அரசியலுக்குத் தலைவாசல் என்று ஓர் ஊரைச் சொல்வதானால் அரை நூற்றாண்டுக் காலம் அது சுங்கை சிப்புட்டாகவே இருந்தது.

2008 மார்ச் 8 இரவு அந்த வாசல் அடைபட்டது. எட்டு முறை தொடர்ந்து வென்ற சாமிவேலு, அதே தொகுதியில் தம்மிடம் முன்பு இருமுறை தோற்ற மருத்துவர் மைக்கல் ஜெயகுமாரிடம் 1,821 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 2022-இல் கட்சியின் தேசியத் தலைவர் விக்னேஸ்வரன் அங்கே போட்டியிட்டார். அவரும் வெல்லவில்லை. 2004-இல் நின்ற ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளையும் வென்ற கட்சிக்கு 2008-இல் கிடைத்தவை மூன்று, 2022-இல் தாப்பா ஒன்று மட்டும்.

இந்தச் சரிவுக்குத் தலைவர்களின் குணம், ஊழல், கோஷ்டிச் சண்டை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு அடியில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த ஒன்று உண்டு. வாக்காளர் யார், எங்கே குடியிருக்கிறார், அவருக்கு என்ன வயது என்பவை மாறிக்கொண்டே வந்தன. கட்சி அதே இடத்தில் நின்றிருக்க, அதன் காலடியில் இருந்த மண் இடம்பெயர்ந்துவிட்டது.

1955-இல் சுதந்திரத்துக்கு முந்தைய முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 12.8 லட்சம் பேர். அவர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினொருவராக இருந்தும் பட்டியலில் அவர்கள் பாதிகூட இல்லாததற்குக் காரணம் குடியுரிமை. ரப்பர் மரத்தில் பால் வெட்டியே வயதானவர்களில் பலரிடம் நாட்டின் குடிமகன் என்று காட்ட ஒரு தாள் இல்லை. சுதந்திரத்தோடு குடியுரிமை விதிகள் தளர்ந்த பிறகு, 1959 பட்டியலில் இந்தியர் ஏழு விழுக்காடாக உயர்ந்தார்கள். சீனர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். நான்கே ஆண்டுகளில் ஒரு நாட்டின் வாக்காளர் முகம் இப்படி மாறியது பெரிய செய்தி. ஆனாலும் எல்லாரும் உள்ளே வந்துவிடவில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோர் வேலை செய்யத் தனி அனுமதி பெற வேண்டும் என்ற விதி வந்தபோது, தோட்டங்களை விட்டுத் தமிழகத்துக்குக் கப்பல் ஏறியவர்கள் சுமார் 60,000 பேர் என்பார்கள். தங்கியவர்களிலும் சிலர், குடிமக்கள் அல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடே வாழ்ந்து முடித்தார்கள்.

அன்றைய தமிழ் வாக்காளரை எங்கே தேடுவது என்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. அவர் தோட்டத்தில் இருந்தார். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்பவர்தான் தேர்தல் அன்று வரிசையில் நிற்பவரும். லயத்து வீடுகள், கோயில், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் ஒரே வேலிக்குள். எத்தனை குடும்பம், எத்தனை வாக்கு என்று தோட்டத்து எழுத்தரான கிராணியின் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். தோட்டம் தனியார் நிலம் என்பதால் உள்ளே வந்து கூட்டம் போட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். ஆளும் கூட்டணியின் ஆட்களுக்கு அது எளிதாகவும் மற்றவர்களுக்கு அரிதாகவும் கிடைத்தது. முதலில் கூட்டணியின் பாய்மரக் கப்பல், பிறகு அதன் வாரிசான தேசிய முன்னணியின் தராசு. கட்சிப் பெயரைப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தச் சின்னங்கள் தெரியும்.

அந்த ஏற்பாட்டில் அடக்கம் இருந்தது, அச்சமும் இருந்தது. ஆனால் கட்டமைப்பு ஒன்றும் இருந்தது. 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளிகளே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து வாங்கட்டும் என்பதற்காக. லயம் லயமாகப் போய்ப் பணம் திரட்ட முடிந்தது மக்கள் ஒரே இடத்தில் இருந்ததால்தான். அதே ஒருமிப்புதான் வாக்கையும் திரட்டித் தந்தது.

ஒன்றை இங்கே மறைக்கக் கூடாது. தமிழர் வாக்கால் மட்டும் ம.இ.கா. ஒருபோதும் வென்றதில்லை. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. இன்றைய 222 தொகுதிகளிலும் நிலை அதுவே. சுங்கை சிப்புட்டிலேயே அவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மலாய் வாக்காளருக்கு அம்னோ, சீன வாக்காளருக்கு ம.சீ.ச., தோட்டத்துக்கு ம.இ.கா. என்று பிரித்துக்கொண்டு, தத்தம் வாக்கை மற்றவரின் வேட்பாளருக்கு மாற்றிக் கொடுப்பதே அந்தக் கூட்டணியின் உயிர்நாடி. 1955-இல் 52 இடங்களில் 51-ஐ அது வென்றது அந்தக் கணக்கினால்தான், அவற்றில் ம.இ.கா.வுக்கு இரண்டு. மூன்று கால்களில் எது தளர்ந்தாலும் மேலே அமர்ந்திருப்பவர் விழுவார். முதலில் விழக்கூடியவர் மிகச் சிறிய பங்காளி என்பதும் அதற்குள்ளேயே இருந்தது.

தோட்டம் கலைந்தது ஒரே நாளில் அல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்தக் குறைந்த ஆட்களும் பின்னர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார்கள். நகரம் வளர்ந்து தோட்டத்தின் வேலியைத் தொட்டபோது, மரத்தைவிட மண்ணுக்கு விலை அதிகம் என்று ஆயிற்று. இன்றைய நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா நிற்பது பிராங் பெசார் என்ற ரப்பர்த் தோட்டத்தின் மேல். அந்த வட்டாரத் தோட்டங்களிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்கள் டெங்கிலில் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போயின. சிலாங்கூர் முழுக்க இதுவே கதை. 1957-இல் மலாயா மக்களில் நகரத்தில் இருந்தவர் நூற்றுக்கு 27 பேரை ஒட்டி. 2020-இல் மலேசியாவில் அது 75. தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கையும் இதே பயணத்தைச் சொல்லும்: சுதந்திரத்தின்போது 888, இன்று 530-ஐ ஒட்டி.

லயத்தில் நாற்பது குடும்பம் ஒன்றாக இருந்தது. தாமான் என்ற நகர்ப்புறக் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இடப்புறம் மலாய்க்காரர், வலப்புறம் சீனர். தமிழ் வாக்கு கரையவில்லை, பரவிவிட்டது. ஓர் இடத்தில் நூற்றுக்கு எண்பதாக இருந்தது நாற்பது இடங்களில் பத்தும் பன்னிரண்டுமாக ஆனது. கிராணியின் பதிவேடு இல்லை, தண்டலின் பார்வை இல்லை. யாருக்கு வாக்களித்தோம் என்பது முதன்முறையாக அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த செய்தியாயிற்று. இதை நான் பெரிய பேறாகவே கருதுகிறேன். தோட்டத்துப் பெண்களின் மகள்கள் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்குப் போய், வேட்பாளரைத் தாங்களே எடைபோடுகிறார்கள். அவர்களின் தாய்மாருக்கு அந்த வாய்ப்பு கொடுக்கப்படவில்லை.

ஆனால் தோட்டத்திலிருந்து வந்தவர் கையில் நிலமும் இல்லை, நகரத்துக்கு ஏற்ற தொழிலும் இல்லை. அந்தக் கசப்பு 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதிகளில் வெளிப்பட்டது. இந்து உரிமை இயக்கமான இண்ட்ராப்பின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான தமிழர்கள், கண்ணீர்ப்புகையையும் நீர்ப்பீரங்கியையும் மீறி நின்றார்கள். ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அல்லர் அவர்கள்; வெவ்வேறு ஊர்களின் தாமான்களிலிருந்து வந்து அன்றுதான் ஒருவரையொருவர் பார்த்தவர்கள். அந்த இயக்கத்தில் ஈடுபட்டுக் கைதாகிக் கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்த மனோகரன், அங்கிருந்தபடியே 2008-இல் சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். அந்தத் தேர்தலில்தான் பரவிப் போன வாக்கின் வலிமை தெரிந்தது. எங்கும் பெரும்பான்மை இல்லாதவர்கள், இழுபறியான இடங்களில் எல்லாம் தராசைச் சாய்ப்பவர்கள் ஆனார்கள். 2004-இல் 219-க்கு 198 வென்ற தேசிய முன்னணி 222-க்கு 140-ஆகக் குறைந்து மூன்றில் இரண்டு பங்கை இழந்தது.

அதன் பிறகு தமிழ்ப் பெயர்கள் எல்லாக் கட்சிகளின் பட்டியலிலும் வரத் தொடங்கின. 2018-இல் அமைந்த அரசில் இந்திய வம்சாவளி அமைச்சர்கள் நால்வர் இருந்தார்கள். ம.இ.கா.வின் நாளில் ஒருவரோ இருவரோதான். இதுவே முடிவான வளர்ச்சி என்று நம்பியவர்களும் உண்டு. ஆனால் 2023 டிசம்பர் அமைச்சரவை மாற்றத்தில் அமைச்சர் சிவகுமார் விடுவிக்கப்பட்டபோது, முழு அமைச்சர்களில் தமிழர் ஒருவரும் இல்லை என்ற நிலை வந்தது. ம.இ.கா.வின் நாளில் ஒரு கட்சியின் தலைவரிடம் சென்று கேட்கலாம். கேட்டும் கிடைக்காமல் போகலாம், ஆனால் கதவு எது என்று தெரியும். இன்று நான்கைந்து கட்சிகளில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவரவர் கட்சியில் அவரவர் சிறுபான்மை. பள்ளிக்கு நிலம், சுடுகாட்டுக்கு வேலி, குடியுரிமைத் தாள் என்று வருபவர் எந்தக் கதவைத் தட்டுவது?

மக்கள்தொகையில் இந்தியரின் பங்கும் சுருங்குகிறது. 1957-இல் மலாயாவில் நூற்றுக்குப் பதினொன்று. சபா, சரவாக் சேர்ந்த இன்றைய மலேசியாவில், 2020 கணக்கெடுப்பின்படி 6.7. அன்றைய கணக்கில் அவ்விரு மாநிலங்கள் இல்லை என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் திசை ஐயத்துக்கு இடமற்றது. 1970-இல் இந்தியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகளை ஒட்டி இருந்தது, இன்று ஒன்றரைக்கும் கீழ். படித்த, வேலைக்குப் போகும், நகரத்து வாடகை கொடுக்கும் குடும்பம் சிறிதாகத்தான் இருக்கும். சீனரின் பங்கு 37-லிருந்து 23-ஆக இறங்கியதும் இப்படித்தான். 2004-இல் 31 இடங்கள் வென்ற ம.சீ.ச.வுக்கு 2022-இல் இரண்டு. அவர்கள் வாக்கை இன்று பெருமளவில் பெறும் ஜனநாயக செயல் கட்சிக்கும் வருங்காலத்தில் இது கவலைதான்.

நகரத்தில் குவிந்த வாக்குக்கு எடை குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுதந்திர காலத்து அரசியல் சட்டம் தொகுதிகளின் அளவு பெரிதும் வேறுபடக் கூடாது என்று வரம்பு வைத்திருந்தது. 1962-இல் அது தளர்ந்தது, 1973-இல் அகன்றது. 2022 தேர்தலில் சிலாங்கூரின் பாங்கித் தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் 28,000 பேர். தோட்டத்தை விட்டுச் சிலாங்கூருக்கு வந்த தமிழரின் வாக்கு, பத்தில் ஒரு பங்காகக்கூட மெலிந்திருக்கலாம்.

கடைசி மாற்றம் வயது. 2019 ஜூலையில் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. கட்சிகள் எல்லாம் ஒருமனதாக ஆதரித்த திருத்தம் அது. முன்பு அஞ்சலகத்துக்குப் போய்த் தாமே பதிய வேண்டும். இனி வயது வந்ததும் பெயர் தானாகவே சேரும். 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறை. 2018-இல் 1.49 கோடியாக இருந்த பட்டியல் 2022-இல் 2.12 கோடி ஆயிற்று. இளைஞர்கள் வந்தால் சீர்திருத்தக் கட்சிகளுக்கு நல்லது என்று பலர் கணக்குப் போட்டார்கள். ஆனால் மலாய் இளைஞர்களில் பெரும்பகுதியினர், பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி இடம்பெற்ற பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணியின் பக்கம் போனார்கள். 1955-இல், இதே பேராக்கின் கிரியானில் ஒரே ஓர் இடம் வென்று கூட்டணியின் முழுவெற்றியைத் தடுத்த பாஸ் கட்சி, 2022-இல் 43 இடங்களோடு நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய தனிக்கட்சி ஆனது. சீர்திருத்தக் கட்சிகளின் தலைவர் அன்வார் இப்ராஹிமின் குடும்பத் தொகுதியாக இருந்த பெர்மாத்தாங் பாவும் அதன் கைக்கு மாறியது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சாமிவேலு இதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

தமிழ் இளைஞர்கள் எங்கே போனார்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லும் துணிவு எனக்கில்லை. அவர்கள் தாத்தாக்கள் வாசிக்கக் கேட்ட தமிழ் நேசன் நாளிதழ், 1924-இல் தொடங்கி, 2019 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது. இவர்கள் அரசியலைக் கைப்பேசியில் முப்பது விநாடிக் காணொளியாகப் பார்க்கிறார்கள், பாதி மலாயில், பாதி தமிழில்.

மலேசிய வாக்குச்சாவடியில் ஒரு வழக்கம் உண்டு. வாக்காளர்களை வயதுப்படி வெவ்வேறு அறைகளுக்குப் பிரிக்கிறார்கள். சாலுரான் என்ற மலாய்ச் சொல்லாலேயே எல்லாரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். மூத்தவர்கள் முதல் சாலுரானில், இளையவர்கள் கடைசியில். எண்ணுவதும் அறை அறையாகத்தான். ஆகையால் ஒரு தமிழ்ப்பள்ளியின் கீழ்த்தளத்தில், பேத்தி கைப்பிடித்து அழைத்து வந்த பாட்டி முதல் அறையில் வாக்களிக்கிறார். பேத்தி தாழ்வாரத்தின் மறுகோடிக்கு நடக்கிறாள். மாலையில் இரண்டு அறைகளின் தாள்களையும் கட்சி முகவர்கள் தனித்தனியே குறித்துக்கொள்கிறார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லி வாக்கு எண்ணியவர்களின் பிள்ளைகள் அவர்கள். இப்போது அவர்கள் முதலில் கேட்பது, கடைசி சாலுரானில் எத்தனை என்பதை.