கூடி அமைந்த தொழில்களும் எரிபொருட் சிக்கனமும்

விறகின் விலை ஏறிவருவதைக் குடியானவர்கள் அறிவார்கள். எரிக்கும் விறகில் பெரும்பங்கு வேலைக்கு உதவாமலே விரயமாவதைப் பலர் கவனிப்பதில்லை. துணையான தொழில்களை அருகருகே அமைத்து, உஷ்ணத்தைப் பொதுவாக்கினால் இவ்விரயம் எவ்வாறு குறையும் என்பதைக் காஞ்சீபுரத்துப் பட்டுத் தொழிலைக் கொண்டு இங்கே விளக்குவோம்.

பட்டு நெசவு கைத்தறியில் நடப்பதாகையால் அதற்கு நெருப்பு வேண்டுவதில்லை. நூலைப் பக்குவம் செய்வதற்கே வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பசையாகும். சோப்பும் சோடாவும் கலந்த நீரில் காய்ச்சி அதைப் போக்கிய பின்னரே சாயம் நன்கு பற்றும். சாயம் தோய்ப்பதற்கும் வெந்நீர் அவசியம்.

100 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேற்ற 6,000 கிலோகலோரி உஷ்ணம் தேவை. உலர்ந்த விறகு ஒரு கிலோ சுமார் 3,500 கிலோகலோரி தரும். திறந்த அடுப்பில் அதில் நூற்றுக்கு 15 பங்கே நீரைச் சேருவதாகக் கொண்டால் 11 கிலோவுக்கு மேல் விறகு செலவாகும். நன்கு மூடிய கொதிகலத்தில் 60 பங்கு சேருமாயின் 3 கிலோ போதும்.

பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்கானால் எட்டு மடங்கு நீர் கொள்ளும். உஷ்ணம் வெளியேறும் மேற்பரப்போ நாலு மடங்கே ஆகும். பல சிறு அடுப்புகளைவிட ஒரு பெரிய உலை மேலானதற்கு இதுவே காரணம். ஆயினும் நிறத்துக்கு நிறம் தனித் தொட்டி வேண்டுமாகையால், பொதுவாக்க வேண்டியது தொட்டியன்று, நீராவியே. ஒரே கொதிகலத்திலிருந்து குழாய் மூலம் ஒவ்வொரு தொட்டிக்கும் அதைச் செலுத்தலாம். தனியொருவருக்கு இச்செலவு இயலாது. கூட்டுறவுச் சங்கத்துக்கு இயலும்.

100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி கிடைக்கும். நெல் புழுக்கும் ஆலைகள் உமியையே எரித்து நீராவி உண்டாக்குகின்றன. அவ்வாலைக்கு அருகில் சாயச்சாலை அமையுமாயின், மிகுதி நீராவி அதற்குப் பயன்படும்.

இம்முறை நம் மாகாணத்துக்குப் புதிதன்று. கரூர் ஜில்லாவில் 1979-இல் ஸ்தாபிக்கப்பட்ட தமிழ்நாடு காகித ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகள் தாம் எரித்துவந்த சக்கையைக் கொடுத்து, அதற்கு மாற்றாக நீராவியோ எரிபொருளோ பெறும் ஏற்பாடு அங்கே உண்டு. டென்மார்க் தேசத்துக் காலுண்ட்போர்க் நகரில், மின்சார நிலையத்தின் நீராவி 1982-இல் அருகிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அளிக்கப்பட்டது.

இத்தகைய ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை:

1. நீராவிக் குழாய் நீண்டால் உஷ்ணம் குறையும். ஆகையால் சாலைகள் அடுத்தடுத்து இருத்தல் வேண்டும். குழாய்க்கு உறையும் இடவேண்டும்.

2. எல்லோரும் ஒரே வேளையில் வேலை செய்தால்தான் லாபம். ஒருவருக்காக உலையை நாள் முழுதும் எரிப்பது நஷ்டம்.

3. கழிந்த வெந்நீரைச் செப்புச் சுருள் குழாயின் வழியே செலுத்தி, புதுநீரை முன்னதாகச் சூடேற்றலாம். பின்னர் அக்கழிநீரை வேகவதியில் விடாது, ஒரே இடத்தில் சுத்தி செய்ய வேண்டும்.

4. அவரவர் கொண்ட நீராவியை அளந்து செலவைப் பங்கிட வேண்டும். அளவில்லாத இடத்தில் வழக்கும் விரயமும் வளரும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் தம் எல்லையில் உமி, சக்கை முதலியன எங்கே மிகுகின்றன, உஷ்ணம் எங்கே தேவைப்படுகிறது என்று முதலில் கணக்கெடுத்தல் நலம். உமியை மலிவாக விற்று விறகை அதிக விலைக்கு வாங்கும் ஊரில் அக்கணக்கே வழிகாட்டும்.